காளத்திக்குப் போனவர்கள்

மலைக்கு நாயைக் கொண்டுபோகக் கூடாது. இதுகூடத் தெரியாமல் வருகிறவர்கள் இருப்பார்களா என்று நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். இருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி, புளியோதரைப் பொட்டலம், தண்ணீர் கேன், மாமியார், குழந்தை எல்லாவற்றோடும் நாயையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். மலையடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியில், நாயோடு மேலே போக முடியாது என்றதும் காரை ஓரங்கட்டிவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். நாய் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் குடும்பத்தில் பெருமாளை முதலில் சேவித்தது அதுவாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் மலைக்கு டாக்ஸி ஓட்டுகிறார். மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் தங்கள் காரை லாட்ஜில் நிறுத்திவிட்டு இவருடைய வண்டியில் ஏறுவார்கள். அப்படி ஏறிய குடும்பம் ஒன்று, நாயை என்ன செய்வதென்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இவர் நேரே வண்டியை எங்கள் வீட்டு வாசலுக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"ரெண்டு நாளைக்கு வெச்சிக்கமே. தரிசனம் முடிச்சிக்கினு வந்து இட்டுக்கினு போயிருவாங்க."

"நாயையா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா மாமா?"

"இப்பத்தான் கேக்கறேனே."

எங்கள் தொழிலுக்கு அதுதான் திறப்பு விழா. செய்து முடித்துவிட்டு, அதன் பிறகு கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது அவருடைய பழக்கம். கல்யாணமான புதிதில் டி.வி. வந்ததும் அப்படித்தான், வண்டி வாங்கியதும் அப்படித்தான். அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே நாய்க்குத் தண்ணீர் வைத்தேன்.

எங்கள் வீடு சந்திரகிரி ரோட்டில், ஊரைத் தாண்டி இருக்கிறது. பக்கத்தில், முன்பு லாரிகளுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்த கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று போட்டு, உள்ளே கம்பி கிரில் வைத்துத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு ஃபேன் மாட்டினோம். நான் வரதய்யபாளையத்துப் பக்கம், நிலத்தில் உழைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஊரில் நாய் என்றால் வாசலுக்கு வெளியே கிடக்கும், மிச்சம் மீதியைத் தின்னும், களத்தில் நெல் கிடந்தால் காவல் காக்கும். அதற்கு ஃபேன் போடுகிறேன் என்றதும் என் நைனா போனிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாடி, நாய்க்கு லாட்ஜு வெச்சிக்கீறியாமே. ஏசி ரூம் கீதா?"

அன்றிலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது நாய் லாட்ஜுதான். நானும் ரோஷப்பட்டுப் பார்த்தேன், பிறகு நானே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

லாட்ஜில் தங்குகிறவர்களைவிட அவர்களைக் கொண்டுவந்து விடுகிறவர்களால்தான் எனக்குத் தலைவலி. பாதிப் பேர் விரதத்தோடு வருவார்கள். தாங்கள் கறி சாப்பிடாத நாட்களில் நாயும் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். புரட்டாசி என்றால் கேட்கவே வேண்டாம். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய், தட்டில் இருக்கிற தயிர்சாதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும். நான் செய்யாத பாவத்துக்கு அதன் முன்னால் எத்தனையோ முறை தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தொல்லை மொட்டை. தலை நிறைய முடியோடு விட்டுவிட்டுப் போனவர்கள், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு குடும்பமாக வந்து கிரில்லுக்கு முன்னால் நிற்பார்கள். நாய் குரைத்துத் தள்ளிவிடும். தன் நாயே தன் மேல் பாய்ந்ததைப் பார்த்து ஒரு பெரியவர் அழுதேவிட்டார். மோப்பம் பிடித்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். மேலேயே குளித்து, உடம்பெல்லாம் சந்தனமும் கற்பூரமும் ஏறி வருகிறவர்களிடம் வீட்டு வாசனை எங்கே இருக்கிறது? அதனால் நான் ஒரு வழக்கம் வைத்தேன். நாயை விடும்போது, உடுத்திக் கழற்றிய துணி ஒன்றைத் துவைக்காமல் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வேன். நாய் அதன் மேல் படுத்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் அதே துணியை மொட்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் உட்காரச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் வால் ஆட ஆரம்பிக்கும்.

துணியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எப்படியும் வருவார்கள் என்பது என் நம்பிக்கை. வராமல் போனவர்கள் அதுவரை யாரும் இல்லை. போகிற இடம் அப்படிப்பட்டது, கீழே பொய் சொல்லிவிட்டு மேலே போய் யாரும் கும்பிட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்கு அந்த விஷயத்தில் பக்தர்கள் மேல் குறை ஒன்றும் இல்லை. பொய் மலைக்குப் போனவர்களிடமிருந்து வரவில்லை.

அந்தப் பெண் வந்தது ஒரு வெயில் காலத்தில். கூடவே அவள் கணவன், மாமியார். சென்னைக்காரர்கள். கணவன் என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே பழக்கம். தன் ஆபீஸில் யார் மலைக்கு வந்தாலும் இவருடைய வண்டிக்குத்தான் அனுப்பிவைப்பான். அவர்கள் கொண்டுவந்தது தேன் நிறத்தில் ஒரு லேப்ரடார், பெண் நாய். வாயைத் திறந்தால் சிரிப்பது போலவே இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. மனிதர்கள் பெயரையே சொல்லாதபோது அதன் பெயரை மட்டும் சொல்வானேன், நாய் என்றே சொல்கிறேன்.

அந்தப் பெண் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, நாயின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு பச்சைத் துப்பட்டாவை என் கையில் கொடுத்தாள்.

"இடி இடிச்சா ரொம்ப பயப்படும்கா. அப்ப மட்டும் பக்கத்துல இருங்க."

"இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? எம் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன். நீ நிம்மதியா போய்ட்டு வாம்மா."

எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நன்றி அக்கா, ரொம்ப நன்றி என்றாள். நாயை ரெண்டு நாள் விட்டுவிட்டுப் போவதற்கு இவ்வளவு நன்றியா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமியார் எங்கள் வண்டியின் பின்சீட்டை விட்டு இறங்கவில்லை. கணவன் என் வீட்டுக்காரரோடு வேப்பமரத்தடியில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பியதும் நாய் கேட் வரை ஓடி, பின்கதவைப் பார்த்துக் குரைத்தது.

தரிசனம் முடிந்து அவர்கள் இறங்க வேண்டிய நாளில் என் வீட்டுக்காரர் மட்டும் தனியாக வந்தார். நான் கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன்.

"எங்க மாமா அவங்க?"

"காளத்தி போயிட்டாங்கமே. ராகு கேது பூஜை பண்ணணுமாம். லாட்ஜுல எறக்கிவுட்டேன், அப்படியே கார எடுத்துக்கினு கெளம்பிட்டாங்க."

"நாயி?"

"கோயிலுக்கு நாய எப்படி இட்டுக்கினு போறது? காளத்தி போயிட்டு இங்க எப்படி வர்றது? நேரா வூட்டுக்குத்தானே போவணும். அடுத்த தபா வரும்போது இட்டுக்கினு போறேன்னு சொன்னாங்க."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காளத்தியில் ராகு கேது பூஜை செய்தவர்கள் தோஷத்தை அங்கேயே விட்டுவிட்டு, வழியில் வேறு கோயிலுக்கும் போகாமல், வேறு யார் வீட்டு வாசலையும் மிதிக்காமல், நேரே தங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். என் அத்தை ஒருத்தி காளத்தி போய்த் திரும்பும்போது, பஸ் மகள் வீட்டு வாசலிலேயே நின்றும் இறங்காமல், ஜன்னல் வழியாகப் பேரனுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளை அழுத அழுகையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

வேறு எந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தாலும் நான் குடைந்து குடைந்து கேட்டிருப்பேன். கார் ரிப்பேர் என்றால் எந்த மெக்கானிக் என்றிருப்பேன். உடம்பு சரியில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி என்றிருப்பேன். காளத்தி என்றதும் என் வாய் அடைத்துவிட்டது. அதோடு, சந்தேகப்பட்டதற்காக மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என்னை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் மட்டுமே எனக்கென்று அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கக்கூடிய காரணம் அது.

அடுத்த மாதம் வந்தது, போனது. அதற்கு அடுத்ததும் அப்படியே. நான் நம்பரைக் கேட்டேன்.

"குடு மாமா, நானே பேசறேன்."

"உன் வாய் எனக்குத் தெரியாதா? எடுத்த எடுப்புல கிழிச்சிருவே. பெரிய எடத்து ஆளுங்க. நான் பேசிக்கினுதானே கீறேன். வருவாங்க."

என் வாய் கொஞ்சம் அப்படித்தான். அதில் எனக்கே சந்தேகமில்லை என்பதால் அந்தப் பதிலையும் விழுங்கிக்கொண்டேன். அவ்வப்போது, "ஒரு போட்டோ எடுத்துக் குடு, அனுப்பறேன்" என்பார். நான் நாயைக் குளிப்பாட்டி, சீவிவிட்டு, வெயில் நன்றாக விழுகிற இடத்தில் உட்காரவைத்து எடுத்துக் கொடுப்பேன். போட்டோவைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு ஏக்கம் வரும், உடனே கிளம்பி வருவாள் என்பது என் கணக்கு. அதனால் அது வாயைத் திறந்து சிரிக்கிற போட்டோவாகத் தேடித் தேடிக் கொடுத்தேன்.

ஆனால் அதை என் நாயாக நான் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் வந்தால், "போ, உன் எடத்துக்குப் போ" என்று கொட்டகைக்கு அனுப்புவேன். கட்டில் ருசி கண்டுவிட்டால் நாளைக்குத் தங்கள் நாயைக் கெடுத்துவிட்டாள் என்று அவர்கள் பேசக் கூடாது. மடியில் தலையை வைத்தால், கொஞ்சம் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்துகொள்வேன். பழகிவிட்டால் போகும்போது அதுவும் அழும், நானும் அழுவேன். செல்லமாக ஒரு தமிழ்ப் பெயர் வாயில் வந்துகொண்டே இருந்தது. அதையும் அடக்கிக்கொண்டு, வாயில் நுழையாத அந்த இங்கிலீஷ் பெயரையே கூப்பிட்டேன், அது தன் பெயரை மறந்துவிடக் கூடாதே என்று. பச்சைத் துப்பட்டாவைத் துவைக்கவே இல்லை. கொட்டகையில் மற்ற நாய்கள் வந்தால் அதை எடுத்துப் பத்திரப்படுத்துவேன், அவை போனதும் திரும்ப விரிப்பேன். இடி இடித்த நாட்களில் மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அது அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த வாக்கு.

அந்த நாய் என்னைவிட என் வீட்டுக்காரரிடம் ஒட்டுதலாக இருப்பதாகத்தான் நான் நினைத்தேன். மாலையில் வண்டிச் சத்தம் ரோட்டில் கேட்டதும் எழுந்துவிடும். வேறு எந்த வண்டிக்கும் எழாது. அவர் வந்து நிறுத்தியதும் ஓடிப்போய்ப் பின்கதவுக்குப் பக்கத்தில் நிற்கும். அவர் இறங்கி வந்து கதவைத் திறந்துவிடுவார். அது முன்னங்கால்களை மேலே வைத்து, சீட்டு முழுக்க, சீட்டுக்கு அடியில், ஒரு மூலை விடாமல் மோந்து பார்க்கும். பிறகு மெதுவாக இறங்கி வந்துவிடும்.

"பார்த்தியாமே, நம்ம வண்டின்னா அதுக்கு எவ்ளோ ஆச" என்பார்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சோறு போடுகிறவள் நான், வரவேற்பு அவருக்கு. எத்தனை களைப்பாக வந்தாலும் அந்தக் கதவை மட்டும் திறந்துவிடத் தவற மாட்டார். நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலத்தில் சித்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என் வீட்டுக்காரரின் சவாரிதான். வண்டி இங்கே நின்றபோது அந்த அம்மாள் நாயைப் பார்த்துவிட்டார். அவர்கள் வீட்டில் பல வருடம் இருந்த லேப்ரடார் கொஞ்ச நாள் முன்புதான் செத்துப்போயிருந்தது. அந்த அம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அது அவர் மடியில் தலையை வைத்தது. நான் எழுந்துகொள்வதுபோல அவர் எழுந்துகொள்ளவில்லை.

"மா இன்டிக்கி ஒஸ்தாவா?" என்று அதனிடம் கேட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிறாயா என்று. பிறகு என் பக்கம் திரும்பி, "எங்களுக்குக் குடுக்கறீங்களாம்மா? மாமரம் வெச்ச பெரிய காம்பவுண்டு இருக்கு. நாங்க ரெண்டே பேரு. எங்ககூடவே படுத்துக்கும்" என்றார்.

"என்னுதா இருந்தா இப்பவே குடுத்துருவேம்மா. அடுத்தவங்களுது. வந்து கேட்டாங்கன்னா இன்னா பதில் சொல்றது?"

அந்த அம்மாள் தலையாட்டினார். நியாயம்தான் என்றார். அவருடைய கணவர் போகும்போது, மனசு மாறினால் சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கோடைக்குள் அவர்கள் வேறு ஒரு குட்டியை வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வெயில் காலமும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம், கொட்டகையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நாய் துப்பட்டாவின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கவில்லை. ஆட்டோவிலிருந்து யாரோ ஒரு பெண் டிரைவரிடம், "கொஞ்ச நேரம் இருங்கண்ணா" என்று சொன்ன குரல் கேட்டது.

நாய் எழுந்த வேகத்தில் தண்ணீர் வாளி கவிழ்ந்தது. அது குரைக்கவில்லை. இத்தனை நாளில் அதனிடமிருந்து நான் கேட்டிராத ஒரு சத்தம், குழந்தை அழுவதற்கு முன்னால் மூச்சை இழுக்குமே, அதுபோல. கேட்டின் கம்பிக்கு இடையே மூக்கை நுழைத்துக்கொண்டு நடுங்கியது.

அதே பெண்தான். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, சந்தனம் பூசிய புது மொட்டை. கேட்டைத் திறந்ததும் நாய் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, தரையில் புரண்டு, எழுந்து, மறுபடி புரண்டது. அவள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைத் தடவினாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"குழந்தைக்கு முதல் மொட்டைக்கா. எல்லாரும் லாட்ஜுல தூங்கறாங்க. இதைப் பார்க்காம போக மனசு வரல, அதான் ஓடி வந்தேன்" என்று சொல்லி லட்டுப் பையை என்னிடம் கொடுத்தாள். பிறகு துப்பட்டாவைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, இதை இன்னுமா வெச்சிருக்கீங்க?"

எனக்கு ஒரே நிம்மதி. வந்துவிட்டாள். நான் காத்திருந்தது வீண் போகவில்லை. உரிமையோடு கடிந்துகொண்டேன்.

"ஏம்மா இவ்ளோ நாளு? காளத்தி போனா நேரா வூட்டுக்குத்தான் போவணும், அது எனக்கும் தெரியும். அப்பால ஒரு நாள் வந்திருக்கலாம் இல்ல?"

அவள் தடவுவதை நிறுத்தினாள்.

"காளத்தியா? நாங்க காளத்திக்குப் போகவே இல்லையேக்கா. நான் மாசமா இருந்தேன். அந்தப் பூஜையெல்லாம் இப்ப வேணாம்னு அத்தை அப்பவே சொல்லிட்டாங்க."

நான் துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எதுவும் புரியாமல் மேலே பேசிக்கொண்டே போனாள். குழந்தை பிறக்கப்போகிற வீட்டில் நாய் கூடாது என்று மாமியார் சொன்னாராம். எங்கே விடுவது என்று தெரியாமல் தவித்தபோது என் வீட்டுக்காரர்தான் போனில் வழி சொன்னாராம். நான் வளர்த்துக்கொள்வதாக அவரிடம் சொன்னேனாம்.

"நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்கன்னு அண்ணன் சொன்னாரு. புள்ள இல்லாத வீடு, எம் பொண்டாட்டி அதைக் குழந்த மாதிரி வளத்துக்குவா, நீங்க கவலையே படாதீங்கன்னாரு. மாசாமாசம் அது சிரிக்கிற போட்டோ வேற வரும். அதைப் பார்த்துத்தான்கா நான் மனசைத் தேத்திக்கிட்டேன்."

என்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அதைச் சொன்னாள். அவள் மேல் கோபம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. வந்த கோபம் எல்லாம் வேறு ஒருவருக்காகக் காத்து நின்றது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள்கூட வாய்விட்டுப் பேசியதில்லை. பேச வேண்டாம் என்று முதலில் சொன்னவரே அவர்தான். அதைப் போனில், ஒரு சவாரியைத் திருப்திப்படுத்த, எடுத்து வீசியிருக்கிறார்.

"இப்ப இட்டுக்கினு போறியாம்மா?" என்று கேட்டேன். பதில் தெரிந்தேதான் கேட்டேன். அவள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் ஆட்டோவைப் பார்த்தாள்.

ஆட்டோ கிளம்பியபோது நாய் அதன் பின்னால் பாய்ந்தது. நான் கழுத்துப் பட்டையைப் பிடித்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அத்தனை மாதத்தில் அதை நான் அப்படிக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அது என்னைக் கவனிக்கவில்லை. ரோட்டையே பார்த்துக் கத்தியது.

அன்று மாலை அவருடைய வண்டி வந்தது. நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நாய் வீட்டுக்குள்ளே, என் காலடியில் படுத்திருந்தது. சத்தம் கேட்டுக் காது மட்டும் ஆடியது. எழவில்லை. அவர் இறங்கினார், வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தார், திறந்தபடி நின்றார்.

"இன்னாமே, அது ஏன் வரல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வேணாமாம். அதுக்கு வண்டியில தேடறதுக்கு ஒண்ணும் இல்ல. அவங்க வந்துட்டுப் போனாங்க."

"யாரு?"

"காளத்திக்குப் போனவங்க."

கதவின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னுதான்மே."

"எனக்குன்னா எங்கிட்ட சொல்லியிருக்கணும் மாமா. அடுத்தவங்களுது அடுத்தவங்களுதுன்னு அத வெளியவே போட்டு வெச்சேனே. சித்தூர் அம்மா அதும் தலைய மடியில வெச்சிக்கினு கேட்டாங்களே. நீயும் அங்கதான் நின்னுக்கினு இருந்தே."

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. போன் போட்டு அவங்கள கிழிச்சிருப்பே. அந்த சார் எத்தினி பேர அனுப்பறாரு நம்ம வண்டிக்கு."

ஆக இரண்டும்தான். நானும் ஒரு காரணம், சவாரியும் ஒரு காரணம். எது முன்னால் எது பின்னால் என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லுவார். அதை எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அவங்க வர மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும். அது யாரத் தேடுதுன்னும் தெரியும். அப்பறம் எதுக்குத் தெனம் அந்தக் கதவத் தொறந்துவுட்டே?"

அவர் கதவைச் சாத்தினார். உள்ளே வந்து கைகால் கழுவிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, எனக்கு அது தெரியும். ஒவ்வொரு மாலையும் அது ஆசையோடு ஏறுவதையும் வெறுமனே இறங்குவதையும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து என்னிடம் காபி கேட்டவர், அதுவும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

துப்பட்டாவைத் துவைத்துக் கொடியில் போட்டேன். நாய் இப்போது வீட்டுக்குள்தான் படுக்கிறது. அடக்கிவைத்திருந்த அந்தத் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், சில சமயம் திரும்பிப் பார்க்கிறது. அவருடைய வண்டிச் சத்தத்துக்கு அது எழுவதில்லை. அதற்குப் பதிலாக ஆட்டோச் சத்தத்துக்கு எழுகிறது. சந்திரகிரி ரோட்டில் ஆட்டோவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறது.

போன வாரம் காளத்தி சவாரி என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது நெற்றியில் விபூதி இருந்தது. அவர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றும்வரை வாசலில் நின்றிருந்துவிட்டு, நான் வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தேன். சீட்டைத் தடவினேன், சீட்டுக்கு அடியில் குனிந்தேன். காய்ந்த வில்வ இலை ஒன்று கிடைத்தது. போனது நிஜம்தான். அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே வந்து அவருக்குச் சோறு போட்டேன்.